தொடைக்குள் இருந்த கம்பி

கந்தக ஆலையில் மூட்டை தைக்கிறவளுக்குக் காய்ச்சல் வந்தால், அவள் மூச்சுப் பட்ட உலோகமெல்லாம் பற்றிக்கொள்ளும். ஆலையில் சேர்ந்த மறுவருஷமே இது தொடங்கிவிட்டது. துத்தநாக வாளி பளீரென்று வெடித்து வெள்ளைப் பொடியானது. செம்புக் கம்பி கனன்று, கருநீலமாகி, தொட்டதும் முறிந்தது. வெள்ளிக் கொலுசு காய்ச்சலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, சும்மா கிடந்தே கறுத்தது. தங்கத் தோடு மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் தெருக்காரர்கள் சைக்கிளைத் தள்ளி நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

பயமெல்லாம் இரும்பால்தான். அது மெதுவாகத்தான் பிடிக்கும். பிடித்துவிட்டாலோ, அவளை அப்பால் கொண்டுபோனாலும் நிற்காது. ஒரு முனையில் தொடங்கிய கனல் மறுமுனை வரை தானாகவே நடக்கும். ஜன்னல் கம்பிகள் அப்படித்தான் போயின. அவள் புருஷன் லாரி டிரைவர். ஒரு விபத்துக்குப் பிறகு அவன் இடது தொடைக்குள் முழ நீள இரும்புக் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். அவள் நெற்றி சுட்டாலே அவன் வீட்டை விட்டு ஓடிவிடுவான், அவளே துரத்துவாள். நாத்தனார்தான் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மருந்து கொடுப்பாள்.

நாத்தனார் வெளியூர் போயிருந்த வாரம் பார்த்து, அதுவரை இல்லாத அளவுக்குக் காய்ச்சல் வந்தது. வாசல் கேட்டே கனன்றுகொண்டிருந்ததால் அக்கம்பக்கத்தார் யாரும் உள்ளே போகவில்லை. டிரைவர் தெருவில் நின்று கூப்பிட்டான். முதலில் பதில் வந்தது. மத்தியானத்துக்கு மேல் முனகல்தான். அவன் இடது தொடையை ஒருமுறை தடவிப் பார்த்தான். பக்கவாட்டுச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனான்.

"வராதீங்க! கால்ல கம்பி இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். வாயத் திற, மாத்திரைய முழுங்கு."

அவள் தலையை மடியில் வைத்து ஈரத்துணி போட்டான். முழங்காலுக்கு மேலே, தோலுக்குள், ஒரு சிவப்பு தெரிந்தது. அது இடுப்பை நோக்கி நகர்ந்தது. கம்பியோடு நிற்குமா, இன்னும் மேலே ஏறுமா என்று யாருக்குத் தெரியும்? அவன் அலறினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. "எந்திரிங்க, உங்களக் கும்பிடுறேன்" என்று அவள் அழுதாள். சிவப்பு இடுப்பெலும்பு வரை வந்து அணைந்தது.

கம்பி முழுக்கக் கரிய கட்டியாகிவிட்டது, காந்தம்கூட ஒட்டவில்லை, பாரம் தூக்கினால் ஒடிந்துவிடும் என்றார் டாக்டர். லாரி வேலை போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் காய்ச்சல். "ஓடுங்க" என்று கத்தினாள். அவன் பயந்துகொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் இருவரும் அந்தத் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எரிய வேண்டியது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது. இப்போதெல்லாம் காய்ச்சல் நாட்களில் அவன்தான் அவளருகில் படுத்துக்கொள்கிறான். காலையில் போய்க் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வருகிறான்.