இரண்டு பேருக்கு வைத்த திருகு

ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிவேல் வந்து வண்டியை எடுத்துப்போவதாக ஏற்பாடு. வெற்றிவேல் துர்காவின் தம்பி. துர்கா மதிவாணனின் மனைவி. அவள் போய் வருடம் திரும்பப் போகிறது.

வண்டியைக் கொடுப்பதில் மதிவாணனுக்குத் தயக்கமில்லை. கேட்டதும் சரி என்றுவிட்டான். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. வாரம் முழுக்க அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

வேலை என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த டூரிங் பைக்கில் சீட்டுக்குக் கீழே, இடது பக்கம், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புத் திருகு இருக்கிறது. பின் ஸ்பிரிங்குக்கானது. பின்னால் ஆளும் பையும் ஏறினால் இறுக்க வேண்டும், தனியாகப் போனால் தளர்த்த வேண்டும். ஸ்பானர்கூட வேண்டாம், கையாலேயே திருகலாம். இரண்டு பேருக்கு இறுக்கியதில் ஒருவன் மட்டும் போனால் பின்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதைக்கும். வளைவில் வேகமாகப் போனால் தூக்கிப் போட்டாலும் போடும்.

அந்த வீட்டில் அது துர்காவின் வேலை. பயணம் கிளம்பும் காலைகளில் அவன் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வான். அவள் குந்தி உட்கார்ந்து திருகுவாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இன்னாய்யா, என்னை அரிசி மூட்டைன்னு நெனச்சிட்டியா?"

அவள் தன் எடையை யாரிடமும் சொல்லமாட்டாள். "எங்கம்மாவுக்கே தெரியாது, இந்தத் திருகுக்குத்தான் தெரியும்" என்பாள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான் என்று சொல்ல வேண்டும். வாங்குமுன் இருவரும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார்கள். ஓட்டுகிறவன் இடத்தில் அவன் உட்கார்ந்து பார்ப்பான், பின்னால் அவள். நான்கு சிலிண்டர் வண்டி ஒன்று அவன் மனதைக் கொள்ளைகொண்டது. சத்தமே தனி. துர்கா பின்னால் ஏறினாள். முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. "தவளை மாதிரி உக்காந்து நான் திருவண்ணாமலை வரணுமா?" என்று இறங்கிவிட்டாள். இரண்டு சிலிண்டர் வண்டி கொஞ்சம் அதிரும், வேகம் எடுக்க நேரமாகும். ஆனால் பின்சீட் அகலம், கால் வைக்க வாகு, பிடிக்க இரண்டு பக்கமும் கைப்பிடி. நண்பர்கள் எல்லாரும் அவனைத் திட்டினார்கள். அவன் இரண்டு சிலிண்டரையே வாங்கினான்.

பிறகு அவள் ரத்தத்தில் நோய் வந்தது. கடைசியாக இருவரும் போனது மரக்காணம் உப்பளத்துக்கு. அதன்பின் அவளால் ஏற முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மதிவாணன் அந்தத் திருகைச் சுற்றி கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினான். அது இரண்டு பேருக்கு வைத்தது. அதில் எண் எதுவும் கிடையாது, ஒருமுறை திருகிவிட்டால் பழைய இடம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. சர்வீசுக்கு விடும்போதும் பின்பக்கம் கை வைக்கவே கூடாது என்று சொல்லித்தான் விட்டான்.

பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரை போய்த் திரும்புவான். சங்கிலிக்கு எண்ணெய் அடிப்பான், டயரில் காற்றுப் பார்ப்பான். மற்றபடி அலுவலகத்துக்கு ஸ்கூட்டர்தான். வில்லியனூர் சாலையில் சீட்டு அவன் இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒவ்வொரு அடிக்கும், பின்னால் ஆள் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வான். அந்த அடி அவனுக்கு வேண்டியிருந்தது. அழுகை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்குப் பதில் இது இருந்தது.

ஆனால் வெற்றிவேலை அப்படி அனுப்ப முடியாது. அவன் வேகக்காரன்.

சேதராப்பட்டு தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து, தூங்காத கண்ணோடு வெற்றிவேல் வந்து சேர்ந்தான். கையில் ஒரு மஞ்சள் பை.

"இன்னா மாமா, குளிப்பாட்டி பொட்டு வச்சு நிக்க வச்சிருக்கீங்க. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இருக்கு எனக்கு."

"பையில இன்னாடா?"

"எலுமிச்சம்பழம், கற்பூரம். அம்மா குடுத்துச்சு. நேரா மணக்குள விநாயகருக்குப் போயி பூஜை போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வண்டி வரணுமாம். மாமா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? என் ஃபிரெண்டு கண்ணையன் நாலு சிலிண்டர் வச்சிருக்கான். இது வேஸ்டுன்றான். நூத்திருபதுக்கு மேல மூச்சு வாங்குமாம்."

"வாங்கும்."

"அப்போ எதுக்கு இத எடுத்தீங்க?"

"கண்ணையன் பின்னாடி யாராவது திருவண்ணாமலை வரைக்கும் உக்காந்து போயிருக்காங்களான்னு கேளு."

"அவன் பின்னாடி பெட்ரோல் பங்க் வரைக்கும் வரவே ஆள் கிடையாது மாமா."

மதிவாணன் சிரிக்கவில்லை. வெற்றிவேல் சாவிக்குக் கை நீட்டினான்.

"இரு. இப்படியே எடுத்தா ரோட்டுல உதைக்கும். பின்னாடி ரெண்டு ஆளுக்கு இறுக்கியிருக்கு. தளர்த்திட்டுத் தரேன்."

"நான் பண்றேன் மாமா."

"நீ வண்டியப் புடி."

வெற்றிவேல் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். மதிவாணன் குந்தி உட்கார்ந்தான். வெயிலில் டேப்பின் பசை இளகிப் போயிருந்தது, துண்டு துண்டாகத்தான் உரிந்தது. அவன் அவசரப்படவில்லை. உரித்த பின்பும் கொஞ்ச நேரம் திருகைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல."

திருகை இடது பக்கம் திருப்பினான். அது அசையவில்லை. அழுத்தித் திருப்பினான். பிடித்துக்கொண்டதோ என்று வலது பக்கம் கொஞ்சம் விட்டுப் பார்த்தான். டிக் டிக்கென்று சுலபமாகப் போனது. மறுபடி இடது பக்கம் திருப்பினான், அதே இடத்தில் முட்டி நின்றது.

வெற்றிவேல் எட்டிப் பார்த்தான். "அது ஏற்கெனவே ஃபுல்லா லூசாத்தான் மாமா இருக்கு. இதுக்கு மேல எங்க போவும்?"

மதிவாணன் திருகிலிருந்து கையை எடுத்தான்.

மரக்காணத்திலிருந்து வந்தபோது அது இறுகித்தான் இருந்தது. டேப் ஒட்டிய பிறகு யாரும் தொடவில்லை. இடையில் சில வாரங்கள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் இருந்தாள். காற்றுக்காக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் அவன் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது அவளுடைய வலது உள்ளங்கை கறுப்பாக இருந்தது. கேட்டதற்கு, வண்டியில் பூச்சி கூடு கட்டியிருந்தது, துடைத்தேன் என்றாள். அவன் சோப்பு போட்டு அவள் கையைக் கழுவிவிட்டான். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. கழுவி முடிக்கும்வரை அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. ஆள் ஏறாத வண்டியில் அது லேசாகத்தான் திரும்பும். இருந்தாலும் அந்த உடம்போடு குந்தி உட்கார்ந்து, முட்டி நிற்கும்வரை திருகியிருக்கிறாள்.

அவன் தனியாகப் போவதற்கு வைத்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

அப்படியென்றால் இத்தனை மாதம் இடுப்பில் வாங்கிய அடியெல்லாம் வெறும் வில்லியனூர் ரோட்டுப் பள்ளம்.

"யாரு மாமா லூஸ் பண்ணது? சர்வீஸ்காரனா?"

"உங்கக்கா."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாளாகிவிட்டது. வெற்றிவேல் வண்டியைப் பிடித்தபடியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கையை எடுத்தால் வண்டி சாயும், அதனால் கண்ணைத் தோளில் துடைத்தான்.

கொஞ்சம் கழித்து, "வண்டி இங்கயே இருக்கட்டுமா மாமா?" என்றான். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மதிவாணன் யோசித்தான். நிறுத்தி வைத்து என்ன செய்வது? அவன் இத்தனை நாள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அந்தத் திருகில் இல்லை. அவளே எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"எடுத்துட்டுப் போ. ஒரு ஆளுக்கு சரியா இருக்கு."

பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே மதிவாணனே வைத்தான். வெற்றிவேல் ஹெல்மெட்டை மாட்டினான். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்து நின்றது.

"வெற்றி. நாளைக்குப் பின்னாடி யாராச்சும் ஏறினா இறுக்கணும். மறந்துடாத. இறுக்கலேன்னா உனக்குத் தெரியாது, பின்னாடி இருக்கறவங்களுக்குத்தான் முதுகு போயிரும்."

"எவ்ளோ இறுக்கணும் மாமா?"

இன்னும் கொஞ்சம், என்று சொல்லிச் சொல்லியே பழகிய மதிவாணனுக்கு அதன் அளவு தெரிந்திருக்கவில்லை.

"பின்னாடி ஏறுறவங்ககிட்டயே கேளு" என்றான்.

வெற்றிவேல் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை வேகத்தடையில் வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. மதிவாணன் கையைக் கழுவ உள்ளே போனான். டேப்பின் கறுப்புப் பசை சோப்புக்கு லேசில் போகவில்லை. குழாயைத் திறந்து விட்டு வெகுநேரம் தேய்த்துக்கொண்டே நின்றான். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் அழுவது தெருவுக்குக் கேட்கவில்லை.