கிட்டார் சேருக்கு வராத பிடி

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகிற பாதையில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவனேந்திரன் கணிதம் படிப்பித்தார். ஆனால் பதினெட்டு வருஷமாக யாரும் அவரைக் கணக்கு சேர் என்று கூப்பிட்டதில்லை. கிட்டார் சேர் என்றால்தான் தெரியும். பரிசளிப்பு, ஆசிரியர் தினம், வாணி விழா, எதுவானாலும் மேடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை அவருக்காகக் காத்திருக்கும்.

அந்தப் பெயருக்குள் ஓர் ஓட்டை இருந்தது. அது அவருக்கு மட்டுந்தான் தெரியும். கிட்டாரில் இலேசான பிடிகள் சில உண்டு. இரண்டு மூன்று விரல் நுனிகளால் கம்பிகளை அழுத்தினால் போதும். அப்படிப்பட்ட ஏழெட்டுப் பிடிகள் அவருக்கு அழகாக வரும். ஆட்காட்டி விரலை நீட்டிப் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒரேயடியாக அழுத்துகிற பிடி ஒன்று இருக்கிறது. பார் பிடி என்பார்கள். அது அவருக்கு வராது. பிடித்தால் ஓரத்துக் கம்பிகள் இரண்டு ஒலிக்கும், நடுவில் உள்ளவை மரத்தைத் தட்டினதுபோல டொக்கென்று அடங்கிவிடும். அதனால் கேப்போ என்கிற சின்னக் கவ்வியைக் கிட்டாரின் கழுத்தில் மாட்டி, எந்தச் சுருதியில் யார் பாடினாலும் தனக்குத் தெரிந்த பிடிகளுக்குள் இழுத்துக்கொள்வார். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பதினெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

போன வருஷம் மாகாண மட்டக் குழுப்பாட்டுப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து ஏழு பிள்ளைகள் தெரிவானார்கள். தலைமைப் பாடகி சுபாஜினி பதினோராம் வகுப்பு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஜெயலெட்சுமியின் மகள். பாட்டுக்கு மெட்டுப் போட்டதும் அவள்தான். மூன்றாவது சரணத்தில் சுருதியை அரைப்படி ஏற்றியிருந்தாள். அந்த இடத்தில் ஏழு குரலும் ஒன்றாக எழும்பும்போது கேட்கிறவர்களுக்கு மயிர் கூச்செறியும். கவ்வியைக் கழற்றி மாட்ட நடுவில் ஒரு நொடிகூட இல்லை. ஏற்றின சுருதியில் எல்லாமே பார் பிடிகள்.

முடியுமா சேர் என்று அவள் கேட்டபோது, எனக்கு இது வராது என்று சொல்லியிருக்கலாம். அவள் உடனே மெட்டை மாற்றியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டு, இதென்ன பெரிய விசயமா என்றார்.

ஒத்திகையில் மூன்றாவது சரணம் வரும்போது கம்பியில் படாதமாதிரி மெதுவாகத் தடவி ஒப்பேற்றினார். வீட்டில் விரல் வீங்கும்வரை அழுத்திப் பார்த்தார். கடைசியில், கோளாறு தன்னில் இல்லை, கிட்டாரில்தான் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு பதுளை டவுனுக்குப் போனார்.

டவுனில் பஸீல் என்பவர் ரேடியோ, ஃபேன் திருத்துகிற கடை வைத்திருந்தார். அதே கடையின் உள்மூலையில் அவருடைய தங்கை ரிஸ்கா கிட்டார் முதலான வாத்தியங்களைத் திருத்துவாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அவள் கிட்டாரைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பார்த்தாள், ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டாள், அடுத்த நாள் வரச் சொன்னாள். அடுத்த நாள் போனபோது, கம்பிகளைக் கொஞ்சம் தாழ்த்தியிருப்பதாகவும் மற்றபடி கழுத்தில் பிழை ஒன்றுமில்லை என்றும் சொல்லி, ஒரு தடவை இருந்து வாசித்துக் காட்டச் சொன்னாள். பிடிக்கிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றாள்.

புவனேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் கிட்டார் புடிக்கத் தொடங்கினப்போ நீங்க சின்னப் புள்ளயா இருந்திருப்பீங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

போட்டி டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் இரண்டு சரணங்களும் கண்ணாடிபோலப் போயின. மூன்றாவதில் பிள்ளைகள் குரலை ஏற்றினார்கள். அவர் விரலைப் படுக்கவைத்து முழுப் பலத்தோடு அழுத்தினார். டொக். ஒலிபெருக்கியில் அது கதவை அறைந்த சத்தம்போலக் கேட்டது. அடுத்த பிடியும் டொக். மூன்று பிள்ளைகள் பழைய சுருதிக்கே இறங்கினார்கள், மூன்று பேர் மேலே நின்று திணறினார்கள், சுபாஜினி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாகக் கடைசிவரை பாடினாள். முதல் மூன்று இடங்களிலும் அவர்கள் பெயர் இல்லை.

வேனில் திரும்பி வந்தார்கள். பின்சீட்டில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாடசாலை அதிபர் விஜயலெட்சுமி முன்சீட்டிலிருந்து திரும்பி, என்ன சேர் நடந்தது என்று கேட்டார். திட்டுகிற குரலில் அல்ல, அக்கறையாகத்தான் கேட்டார். எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன.

"போன கெழம பஸீல் கடைல ரிப்பேருக்குக் குடுத்தேன் மிஸ். அந்தக் கடைப் புள்ள கழுத்த கெடுத்து வச்சிருக்கு."

சொல்லும்போதே வேனுக்குள் இறுக்கம் தளர்ந்ததை அவர் உணர்ந்தார். பாவம் சேர் என்று ஒரு பிள்ளை சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்துவிட்டார்.

அந்த வாரம் அதிபர் பாடசாலைப் பேண்ட் வாத்தியங்களைத் திருத்தக் கொடுக்கிற வேலையைப் பஸீலின் கடையிலிருந்து எடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கடையின் பெயரைப் போட்டு, அங்கே ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று எழுதினார்கள். புவனேந்திரன் அதைப் படித்தார். பதில் எழுத விரல் போய், திரும்பி வந்தது. இது தானாக அடங்கிவிடும் என்று நினைத்தார்.

அடுத்த மாதம் ஷிபான் என்ற இளம் விஞ்ஞான ஆசிரியர் பண்டாரவளையிலிருந்து மாற்றலாகி வந்தார். ஒரு நாள் இடைவேளையில் புவனேந்திரன் வகுப்பை முடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தபோது ஆசிரியர் அறையிலிருந்து கிட்டார் சத்தம் கேட்டது. பார் பிடிகள். கழுத்தின் மேலும் கீழும் ஒன்றுவிடாமல் வழுக்கி ஓடின. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே மணிபோலப் பேசியது. கதவருகே போய்ப் பார்த்தார். ஷிபான் வாசித்துக்கொண்டிருந்தது புவனேந்திரனின் கிட்டாரை.

அறையில் வேறு யாருமில்லை. ஷிபான் எழுந்து நின்று, கேட்காமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார்:

"என்ன சேர், சும்மா வெண்ணெ மாதிரி இருக்கு. யார்கிட்ட செட் பண்ணுனீங்க? எண்ட கிட்டாரையும் குடுக்கணும்."

இப்போதாவது சொல்லலாம். கேட்டது ஒரே ஓர் ஆள். வேனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

"கொழும்புல ஒரு ஆளு" என்றார் புவனேந்திரன்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். முதல் பொய்யை வாய் தவறி வந்தது என்று சமாதானம் சொல்லி வைத்திருந்தார். இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு நல்ல வேலையைச் செய்தவளுக்கு அவளுடைய பெயரைக்கூடக் கொடுக்க மனம் வராத ஒருவன் கண்ணாடியில் நின்றான். முகத்தைக் கழுவினார். கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

சனிக்கிழமை கிட்டாரோடு கடைக்குப் போனார். அவரைக் கண்டதும் பஸீல் திருத்திக்கொண்டிருந்த ஃபேனில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். உள்மூலையில் ரிஸ்கா ஒரு பழைய கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவளருகே போய் நின்றார்.

"நான் பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. கிட்டார்ல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் அந்தப் புடி வராது."

"தெரியும் சேர்" என்றாள் அவள். "வாசிச்சிக் காட்டச் சொன்னதும் நீங்க மணி பாத்தீங்களே, அப்பவே வெளங்கிச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கம்பியைச் சுற்றி முடித்துவிட்டு, இன்னொன்றும் சொன்னாள். போட்டி முடிந்த அடுத்த கிழமை நாலு பிள்ளைகள் பாடசாலை உடுப்போடு கடைக்கு வந்தார்களாம். கடையில் ஆட்கள் நிற்கும்போதே, வேலை தெரியாவிட்டால் எதற்குக் கடை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். உயரமான பிள்ளை ஒருத்தி, எங்கள் ஒரு வருஷத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி அழுதாளாம்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னத்த சொல்ல? ஒங்கட சேருக்கு வாசிக்கத் தெரியாதெண்டா? அந்தப் புள்ளைகள் ஒங்கள அவ்வளவு நம்பி ஈக்கிறாங்க."

உயரமான பிள்ளை சுபாஜினி. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவள். அவளை இந்தக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது அவர்தான். பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

ரிஸ்கா கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். இப்போதாவது வாசித்துக் காட்டுங்கள் என்றாள். பஸீல் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாங்க வந்த ஒருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். புவனேந்திரன் கழுத்தின் நாலாவது கட்டத்தில் விரலைப் படுக்கவைத்து அழுத்தினார். டொக்.

அவள் சிரிக்கவில்லை. தான் கம்பி மாற்றிய கிட்டாரையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைக்கிற பலகைமேல் கோடு போடுகிற ஓர் அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். பழைய கிட்டாரின் பலகை மேசைபோலத் தட்டை. அடிமட்டம் அதில் அசையாமல் படிந்தது. அவருடையதில் நடுவில் மட்டும் பட்டு, இரண்டு ஓரத்திலும் இலேசாகத் தூக்கி நின்றது. பலகையின் முதுகு மெல்ல வளைந்திருந்தது.

நீட்டின விரல் ஒருநாளும் அடிமட்டம்போல நேராக இருக்காது, அதற்கென்று ஒரு வளைவு உண்டு, அதனால் தட்டைப் பலகையில் நடுக்கம்பிகளை அழுத்துவது பாடு. வளைந்த பலகையில் நடுக்கம்பிகள் தாமாகவே விரலுக்கு எழும்பி வரும் என்று விளக்கினாள். பார் பிடிக்கு இலேசான கிட்டார்தான் அவர் கையில் இருக்கிறது. அன்றைக்கு அவள் சொல்ல வந்தது அதைத்தான்.

பதினெட்டு வருஷமாக அந்தப் பலகைமேல் கை வைத்திருக்கிறார். அது வளைந்திருக்கிறது என்று ஒரு நாளாவது தடவிப் பார்த்ததில்லை. காது மடல்கள் கொதித்தன.

விரலின் உள்பக்கம் சதை, மூட்டில் பள்ளம், கம்பி அதற்குள் விழுந்தால் செத்துப்போகும் என்றாள் ரிஸ்கா. விரலைப் பெருவிரல் பக்கமாகக் கொஞ்சம் புரட்டி எலும்பான ஓரத்தை வைக்கச் சொன்னாள். பெருவிரலைக் கழுத்தின் பின்னால் நடுவில் வைத்து, முழங்கையை உடம்போடு சேர்த்து, நசுக்காமல் கையின் பாரத்தால் இழுக்கச் சொன்னாள். அவர் செய்தார். ஆறில் நாலு கம்பிகள் பேசின. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. சந்தோசப்பட அவருக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அதிபரிடம் சொன்னார். விஜயலெட்சுமி பேனையை மூடி வைத்தார். பேண்ட் வாத்தியங்கள் போய்விட்டன, இந்த வருஷத்துக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். வாட்ஸ்அப் குழுவில் நீங்களே எழுதிப் போடுங்கள், ஆசிரியர் கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்லுங்கள் என்றார். இரண்டையும் அன்றே செய்தார். குழுவில் யாரும் பதில் போடவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆசிரியர் அறையில் ஷிபான் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளைகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஏழு பேரையும் வகுப்பறையில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு சொன்னார். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை சுபாஜினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த அக்கா ஒண்ணும் செய்யலீங்களா சேர்?"

"இல்லம்மா."

"நாங்க அவங்கள ரொம்பப் பேசிட்டோம்."

"எல்லாம் என்னால வந்தது. சனிக்கிழம நானே கூட்டிட்டுப் போறேன். நான் சொல்லிக்கிறேன்."

"வேணாம் சேர்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "நாங்க பேசுனத நாங்களே போயி சொல்றோம்."

நாலு பேரும் தனியாகத்தான் போய் வந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கிட்டார் சேர் என்று கூப்பிடுவது குறைந்தது. சிலர் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். புவனேந்திரன் வீட்டில் பழகுவதை விட்டுவிட்டு, பாடசாலை விட்ட பிறகு காலி வகுப்பறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பழகினார். டொக் டொக்கென்ற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஒளிந்து பழகினால் மறுபடியும் பழைய ஆளாகிவிடுவோம் என்று பயமாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் ஐந்து கம்பிகள் பேசின. ஒரு பிடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற மட்டும் இன்னும் நாலைந்து நொடி பிடித்தது.

வருஷக் கடைசியில் பரிசளிப்பு விழா வந்தது. பிள்ளைகள் அதே பாட்டைத்தான் பாடினார்கள். மேடை ஓரத்துக் கதிரையில் ஷிபான் இருந்தார். புவனேந்திரன் பெற்றோர்களோடு பெற்றோராகக் கீழே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சரணத்தில் ஏழு குரலும் கிட்டாரும் ஒன்றாக ஏறின. ஒருவரும் சறுக்கவில்லை. அவருடைய இடது கை மடியில் தானாகவே பிடி பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டு கையை விரித்துக்கொண்டு கைதட்டினார்.

பக்கத்தில் ஜெயலெட்சுமி இருந்தாள். வேலை விட்டு அவசரமாக வந்திருந்தாள். ஃபோன் வைத்துக்கொள்கிற பழக்கமில்லாதவள், மகளும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போலும்.

"என்னாங்க சேர், இந்தத் தடவ நீங்க வாசிக்கலீங்களா?"

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு இந்தப் பாட்டு வாசிக்க வராதுங்க" என்றார் புவனேந்திரன். "இப்பத்தான் படிக்கிறேன்."

சொன்னதும் முகம் சூடேறியது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படீங்களா என்று தலையாட்டிவிட்டு, மேடையிலிருந்து இறங்குகிற மகளைப் பார்க்க எழுந்து நின்றாள்.