ஊதா மூடிக் குழாயும் ஆறு இட்லியும்

சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

படப்பை சாலையிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் ஸ்ரீவித்யாவுக்கு அன்று மூன்றாவது சிமுலேஷன். நோயாளி பொய், ரத்தம் பொய், அவசரப்படுத்த வரும் சொந்தக்காரரும் பொய். தப்பான ரிப்போர்ட்டை மட்டும் நிஜமாகக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். முதல் இரண்டு முறையும் மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். இன்றும் போட்டால் ஒரு வருடம் போச்சு. விடையைச் சொல்லும்வரை யார் செத்தாலும் நடிப்பை நிறுத்தக் கூடாது என்பது பேராசிரியர் அனந்தகிருஷ்ணனின் விதி.

சொந்தக்காரராக நடிக்க வந்தவர் சிட்டிபாபு. நிலத்தை விற்றுவிட்டுப் பொழுது போகாமல் இருந்தவர். அவர் கதவைத் திறக்கவில்லை. கதவோடு உள்ளே வந்தார்.

"இன்னா டாக்டரம்மா, எங்கண்ணன் அங்க சாவுறான், நீ ட்யூப மொறைச்சிகினு கீற? போடு கையெழுத்த!"

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எட்டரை. இதயம் நின்றுபோகும் அளவு. பேனாவை எடுத்தாள். அடுத்த வரியில் கால்சியம் இரண்டு. அவ்வளவு குறைந்தால் ஆள் வலிப்பில் துடித்துக்கொண்டிருக்க வேண்டுமே!

"அண்ணா, உங்க அண்ணனுக்குக் கை கால் இழுத்துதா?"

"இழுத்துதாவா? காலைல ஆறு இட்லி துன்னான்! பேச்ச மாத்தாத!"

ஸ்டூல் பறந்தது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போய், ஒரு பஸ்ஸின் கூரையில் ஏறி, தாம்பரத்தில் இறங்கிக்கொண்டது. அடுத்து மைக்ரோஸ்கோப் பறந்தது. அதற்கடுத்து பேராசிரியர். கண்ணாடி அலமாரிக்குள் போய் விழுந்தவர், நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "நோயாளியைப் பற்றி விசாரித்தாள், இரண்டு மார்க்" என்று குறித்துக்கொண்டார்.

சிட்டிபாபு அவள் தலையைப் பிடித்து மேஜையில் மோதினார். பல் ஒன்று கீபோர்டில் விழுந்தது.

"போடுறியா, இல்ல இந்த மெஷினத் தூக்கி மண்டைய ஒடைக்கவா?"

"மாட்டேன்!" ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு உப்பு போட்டிருக்கும். அதுல பொட்டாசியம் இருக்கு, கால்சியத்தையும் முழுங்கிடும். ரத்தம் பத்தலைன்னு யாரோ அதுலேர்ந்து இந்த ட்யூப்ல ஊத்தியிருக்காங்க. உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. புதுசா ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க!"

சிட்டிபாபு தலைக்கு மேல் தூக்கிய மெஷினைப் பதமாக இறக்கி வைத்தார்.

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? சும்மா பேஜார் பண்ணிகினு!"

அலமாரிக்குள்ளிருந்து, உடையாத கையை மட்டும் உயர்த்திப் பேராசிரியர் சொன்னார்: "பாஸ்."

அந்தக் கல்லூரிக்கு வரும் தை மாதம்தான் பூமி பூஜை.