நெட்டையின் கைகள்

அந்த வருஷம் சினிமாக்காரர்களுக்குப் பாட்டுக்குழு ஜுரம் பிடித்திருந்தது. கிட்டாரும் கையுமாக நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், ஒரு தயாரிப்பாளர் வாசலில் வந்து நிற்பார். நெட்டை கிட்டார் வாசித்த குழுவுக்கும் அப்படித்தான் அதிர்ஷ்டம் அடித்தது. நால்வரும் அவரவராகவே நடிக்க வேண்டியது. அவர்கள் வளர்ந்த கதைதான் படம்.

முதல் நாளே இயக்குநர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். நால்வரையும் சேர்த்து எடுத்தால் நெட்டைக்குத் தலை இல்லை.

"தம்பி, கொஞ்சம் குனிங்க."

முழங்காலை மடக்கிக் குனிந்தான்.

"இப்ப வயித்துவலிக்காரர் மாதிரி இருக்கு. உங்க வேஷத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்."

"சார், என் வேஷம் நான்தானே?"

"அதான் சரியா வரல."

குழுவின் பாடகன் நெட்டையின் சொந்த அண்ணன். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல், "குழுவுக்காக விட்டுக்கொடுடா" என்றான்.

வந்த நடிகன் நெட்டையின் தோளுக்குத்தான் இருந்தான். படத்திலும் அவன் பெயர் நெட்டை. ஆனால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தான். ஆகவே விரல்கள் தெரிய வேண்டிய இடமெல்லாம் நிஜ நெட்டையைக் கூப்பிட்டார்கள். நடிகனின் சட்டை அவனுக்கு ஒரு சாண் கட்டை. இழுத்து இழுத்து மாட்டிவிட்டார்கள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அம்மா பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பையன் விரல் என்னமா விளையாடுது! நீயும் இருக்கியே" என்றாள்.

"அம்மா, அது என் கைம்மா."

"பொறாமைப்படாதடா."

கச்சேரிகளில் கூட்டம் "நெட்டை எங்கே?" என்று கத்தியது. மேடையில் நின்றவனை யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நடிகனை மேடையேற்றினார்கள். திரைக்குப் பின்னால் நெட்டை வாசித்தான். இரண்டாவது படத்தில் போஸ்டரில் யார் நடுவில் நிற்பது என்று அண்ணனுக்கும் நடிகனுக்கும் முட்டிக்கொண்டது. படம் மூன்றாம் நாளே பெட்டிக்குள் போனது. குழுவும் கலைந்தது.

நெட்டையின் கை நடுங்காது என்பதை ஒளிப்பதிவாளர் மட்டும் கவனித்து வைத்திருந்தார். டாக்டர் தையல் போடும் கை, கொலைகாரன் தோட்டா நிரப்பும் கை என்று வரிசையாக அழைப்பு வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் படங்கள். முகத்தை வைத்துப் பிழைக்கப்போன மற்ற மூன்று பேருக்கும் மொத்தமே இரண்டு.

ஒருநாள் அண்ணன் போன் செய்தான். "எங்கயாவது சொல்லிவிடுடா."

நெட்டை மனசாரவே கூட்டிப்போனான். உதவி இயக்குநர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "முகம் பழசாயிடுச்சு சார். கையைக் காட்டுங்க." காட்டினான். "நகம் கடிப்பீங்களா?"

அண்ணன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியேறினான். நெட்டை கேட் வரை ஓடிக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அன்று மதியம் ஒரு கதாநாயகனின் கையாகக் காதல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நெட்டை ஒருமுறை கேட் பக்கம் பார்த்தான். மேஜை முன் உட்கார்ந்தான். கை நடுங்கவில்லை, ஒரே டேக்கில் ஓகே ஆனது.