மிதந்த மணிகள்

நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை. அதை ஒட்டிய கொட்டகையில்தான் மேகலா மணி செய்துகொண்டிருந்தாள். கழுத்தில் கோக்கிற மணி இல்லை, கண்ணுகளா. கசகசா அளவுதான் இருக்கும், வெள்ளை வெளேரென்று. ஆலையில் உமியை எரித்த சாம்பலிலிருந்து அதைப் பண்ணுவாள்.

அவள் அண்ணன் மனைவி வைரக்கண்ணு, காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்து சீசாக்களைக் கழுவிக் கொடுப்பாள். கை கழுவும், வாய் சும்மா இருக்காது.

“சாம்பல்ல பாத்திரம் தேய்க்கலாம், சரி. நீ மாத்திரை எடுக்கிறேங்கிற. எங்கிட்டயே கதை விடுறியா?”

“மாத்திரை அதுல இல்ல அண்ணி. மாத்திரை செய்யிற அரிவாள்தான் அதுல ஒட்டியிருக்கு.”

மேகலா சொன்னது இதுதான். பூஞ்சணத்திலிருந்து பென்சிலின் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு வால் உண்டு. அதை அறுத்து, மிஞ்சிய கட்டையில் வேறு வாலைப் பொருத்தினால், பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கிற மருந்தாகிவிடும். அந்த வாலை அறுப்பது நொதி என்கிற ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் விட்டால் கலந்துவிடும், திரும்பப் பிடிக்க முடியாது. ஒரு வயல் அறுத்ததும் அரிவாளை வெண்ணாற்றில் வீசுகிற மாதிரி. அதையே மணியில் ஒட்டிவிட்டால் வடிகட்டி எடுத்து மறுபடி மறுபடி அறுக்கலாம்.

“மழுங்காதா?”

“கொஞ்சங் கொஞ்சமா மழுங்கும். ரொம்ப நாளாகும்.”

“கூலி கேக்காம, டீ கேக்காம அறுத்துக்கிட்டே இருக்குமா? இப்படி ஒரு ஆளு நம்ம வயலுக்குக் கிடைச்சா உங்கண்ணனை வித்துடலாம்டி!”

சிரித்தாளே தவிர, அன்று வீட்டுக்குப் போகும்போது வைரக்கண்ணுக்கு நடை தளர்ந்தது. அவள் மகன் வளவன் கைக்குழந்தையாக இருந்தபோது மூச்சு இரைத்து நீலம் பாரித்துப் போனான். ரோஸ் நிற மருந்து ஒன்றுதான் அவனைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மருந்து மருந்துக்கடையிலேயே முளைத்தது போலத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். எங்கேயோ ஒரு பாத்திரத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒன்று குனிந்து குனிந்து அறுத்திருக்கிறது, தன் பிள்ளைக்காக! வாய்க்கால் கரையிலேயே நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

தை மாதம், சம்பா அறுவடை முடிகிற சமயம். ஓசூர்ப் பக்கத்து மருந்து ஆலை ஒன்றிலிருந்து பூர்ணிமா என்ற அம்மாள் மணியைச் சோதித்துப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் கொட்டகை நிலைக்கும். இல்லையென்றால் காலி செய்துவிட்டு மேகலா புனேயில் கிடைத்த வேலைக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

அன்று விடியலில் மேகலா அவரை அழைத்துவரத் தஞ்சாவூர் கிளம்பினாள். அவசரத்தில், “அண்ணி, நேத்து பாத்திரத்துல ஓட்டிப் பாத்த மணியைக் கழுவி பத்திரமா வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். மணியை எப்போதும் அவளேதான் எடுத்து வைப்பாள். அன்றுதான் முதல் தடவையாக அண்ணியிடம் விட்டாள்.

வைரக்கண்ணு கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கழுவினாள். பிறகு என்ன செய்வாள்? களத்திலேயே வளர்ந்தவள். ஈரத்தோடு எதையாவது யாராவது எடுத்து வைப்பார்களா? துவைத்த வேட்டியை விரித்து, மணியைப் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டாள். நெல்லைப் போலக் காலால் துழாவினால் நசுங்குமென்று, விரல் நுனியால் கிளறிக் கிளறிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் மணி கலகலவென்று காய்ந்துவிட்டது.

பூர்ணிமாவோடு உள்ளே வந்த மேகலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயோ அண்ணி... காய வச்சிட்டீங்களா?”

“பின்ன? ஈரத்தோட வச்சா பூத்துப் போகாதாம்மா?”

“உப்புத் தண்ணியில ஊறிக்கிட்டே இருக்கணும் அண்ணி. ஈரம் போனா நொதி சுருண்டு செத்துடும்.”

வைரக்கண்ணு ஓடிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். “என்னை நாலு அடி அடிச்சிடு மேகலா.”

“சும்மா இருங்க. சொல்லாமப் போனது நான்.”

பூர்ணிமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வேற மணி இருக்கா?”

“இல்லைங்க மேடம். இருந்ததெல்லாம் இதுதான்.”

“சரி, இதையே போடுங்க. வந்தது வந்தாச்சு, பார்த்துட்டே போறேன்.”

பென்சிலின் கரைசல் கண்ணாடிப் பாத்திரத்தில் சுழன்றது. மேலே ஒரு குழாயில், புளிப்பை முறிக்கிற காரத் தண்ணீர். வால் அறுபட்டால் புளிப்பு உண்டாகும். புளிப்பு ஏறினால் குழாய் தானாக ஒரு சொட்டு விடும். சொட்டு விழுந்தால் உள்ளே அறுப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

மேகலா மணியைக் கொட்டினாள். அத்தனையும் மிதந்தது.

விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது பதர். அரித்துக் கோழிக்குப் போட வேண்டியதுதான். வைரக்கண்ணு அதை எத்தனை விதைப்புக்குச் செய்திருக்கிறாள்! கை தன்னால் பாத்திரத்தை நோக்கிப் போனது. பிடித்து இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். “எல்லாம் பதராப் போச்சே” என்றாள், சத்தமே வராமல்.

குழாய் நுனி வறண்டு கிடந்தது. வெளியே ஆலை இரைந்தது. பூர்ணிமா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அப்போது ஒரு மணியிலிருந்து குமிழி ஒன்று கிளம்பியது. ஊசி முனை அளவு. அப்புறம் இன்னொன்று. மணிகளின் நுண்துளைகளுக்குள் அடைந்திருந்த காற்று வெளியேற, ஒவ்வொன்றாகக் கனத்து, சாய்ந்து, பனி இறங்குவது போலக் கீழே இறங்கின. மூன்று பெண்களும் பாத்திரத்தின் மேல் குனிந்தார்கள். 

குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. நின்றது. விழுந்தது.

“மேகலா!”

“உஸ்... அண்ணி.”

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வைரக்கண்ணுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்துப்போச்சு என்று நினைத்ததெல்லாம் எழுந்து அரிவாளை எடுத்துவிட்டது!

“எப்பவும் அறுக்கிறதை விடக் கொஞ்சம் மெதுவுதான்” என்றாள் மேகலா. “ஆனா அறுக்குது. நொதி ஒரு கையால மட்டும் பிடிச்சிருந்தா சுருண்டிருக்கும். பல கையால மணியைப் பிடிச்சிருக்கு போல, அதான் தாங்கியிருக்கு. எனக்கே நிச்சயமாத் தெரியல மேடம்.”

பூர்ணிமா பையைக் கீழே வைத்தார். “வடிகட்டுங்க. இன்னொரு தடவை ஓட்டுவோம்.”

மறுபடியும் சொட்டு விழுந்தது, அதே நிதானத்தில்.

“ஐஸ் பெட்டியில, ஈரத்தோடதான் எல்லாரும் அனுப்புறாங்க. காஞ்சதா அனுப்ப முடிஞ்சா ஐஸே வேண்டாம்” என்று பூர்ணிமா தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார். “எப்படிங்க காய வச்சீங்க? வெயில்லயா, நிழல்லயா?”

“நிழல்லதாங்க. விசிறிக் காத்துல.”

“அடுத்த மாசம் மறுபடி வர்றேன். அதே மாதிரி காய வைங்க, கொஞ்சம் ஈரமாவும் வைங்க. ரெண்டையும் பார்க்கணும். அதுவரைக்கும் கொட்டகையைக் காலி பண்ணிடாதீங்க.”

மேகலா அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வைரக்கண்ணு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், கண் மட்டும் பாத்திரத்தை விட்டு நகரவில்லை.

வேட்டியை மடிக்கும்போது அவள் விரலில் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தது. உதறவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “உனக்குள்ள எத்தனை பேருடா?” என்று கேட்டாள். பிறகு தூங்குகிற பிள்ளையை இறக்கிவிடுவது போல, மெதுவாகப் பாத்திரத்தில் விட்டாள். அது கொஞ்ச நேரம் மிதந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.