தேமா சோப்பு ஆலையில் மறந்துபோனவை

துறைமுக ஊரான தேமாவின் சோப்பு ஆலையில் வேலை பார்ப்பவர் தனக்குத் தெரிந்ததை வெளிநாட்டுக் கிளைக்குச் சொல்லிக்கொடுத்தால், அந்த நிமிடமே அது அவருக்கு மறந்துவிடும். கம்பெனிக்கு இதில் குறையில்லை. ஈரக்காற்றில் சோப்பு வியர்க்காமலிருக்கும் பக்குவம் தேமாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது. வியட்நாமிலிருந்து பொட்டலம் கட்டும் வித்தை வந்தது. கூடவே கொசுறாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். பொட்டலப் பிரிவுக்காரர்கள் அன்றுமுதல் பார்த்தேயிராத ஓர் ஆற்றின் வெள்ளத்துக்குப் பயந்தார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவி ஐரீன் லாரியா கெட்டிக்காரி. கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டு, மறந்துவிட்டு, மறுபடியும் புதிதாகக் கண்டுபிடிப்பாள். அவளைக் கவிழ்த்தது தலைமையகத்தின் பாழாய்ப்போன வழக்கம் ஒன்று. காணொளிக் கூட்டத்தில் வேலையைப் பேசுமுன் ஆளுக்கொரு வீட்டுக் கதை சொல்ல வேண்டும், மனம் இளகுவதற்காம். ஐரீன் தன் ஒரே மகள் தேதேயைப் பற்றிச் சொன்னாள். இரண்டு நிமிடம் போதும் என்றார்கள். பெற்றவள் அல்லவா, அரைமணி நேரம் சொன்னாள். மாலையில் வீடு திரும்பியவள், கெங்கே என்ற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் எடுத்துவைத்த பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டாள்: "நீங்க யாரும்மா? யாரைப் பாக்கணும்?"

தேதே ஆலைக்குப் போய்ச் சண்டை போட்டாள். மேலாளர், ஹாம்பர்க் தலைமையகத்தில் அந்தக் கதையைக் கேட்ட ஹென்னிங்கைத் திரையில் வரவழைத்தார்.

"எங்கம்மாகிட்ட திருப்பிச் சொல்லிடுங்க சார். சொன்னா அவங்களுக்கே வந்துடும்," என்றாள் தேதே.

பிள்ளையில்லாத அந்த மனிதர், படித்தேயிராத, தேமாக்காரர்கள் பேசும் கா மொழியில் பதில் சொன்னார்: "சொன்னா நீ யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிடும்டி. பெத்த மனசு எப்படி விடும்? அது கெடக்கட்டும், ஏன் இப்படி எளைச்சுட்ட?"

அம்மா கேட்பது அப்படியேதான்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அவர் போனில் கூப்பிட்டார். ஐரீனும் நல்லவள், தன் வீட்டிலிருந்த அந்தப் பெண்ணை வாடகையில்லாமல் தங்கவிட்டாள்.

சில வருடங்களில் தேதேவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டுக் கொண்டுவந்த மதுபாட்டில்களை வாங்கிக்கொள்ளலாமா என்று வழக்கப்படி மூன்று முறை பெண்ணைக் கேட்டார்கள். மூன்று முறையும் அவள் தாயின் நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தாள். அதில் ஹென்னிங் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விருந்தாளிகள் வரிசையில் இருந்த ஐரீன், பக்கத்திலிருந்த இளைய ஆலைத் தோழியிடம் சாய்ந்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா. அம்மா வெளிநாடா?"

"ஆமா ஆன்ட்டி, ஹாம்பர்க்."

"அதானே பாத்தேன். கண்ணு அப்படியே அவங்க கண்ணு."

"ஆமா ஆன்ட்டி," என்று தோழி சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.