மாமன் மூக்கின் ரிப்போர்ட்

தாய்மாமன் ஆவதென்றால் சும்மாவா? தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகிறது. வீட்டாரைத் தவிர வேறு யார் முதலில் தூக்குவது என்பதில் அவனுக்கும் குழந்தையின் அத்தைக்கும் குடுமிப்பிடிச் சண்டை. தான்தான் என்று அவன் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் மூக்கு அரிக்க வேண்டுமா?

தங்கை கண்டிப்பானவள். அவன் வேலை பார்க்கும் அதே பரிசோதனைக்கூடத்தில் பிரசவ விடுப்பு வரை இருந்தவள். தும்முகிறவர் யாரும் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

"அட போடி! மூணு வாரம் முன்னாடிதான் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கிட்டேன். கிருமி என்கிட்ட வாலாட்டுமா?"

"ஊசி கையிலதானேண்ணா போட்டாங்க? ரத்தத்துல வேலை செய்யும், நுரையீரலைக் காப்பாத்தும். மூக்குல அவ்வளவா எடுபடாது. நீ படுக்கையில விழ மாட்டே, ஆனா பாப்பாவுக்கு ஒட்ட வெச்சிடுவே."

"மூக்குலயும் அந்தப் பாதுகாப்பு இருக்குன்னு காட்டினா?"

"காட்டு, பார்ப்போம்."

வீம்பு வந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. ஊசி போட்டவர்களின் ரத்தத்திலும் மூக்கு நீரிலும் நோய் எதிர்ப்புப் புரதம் எவ்வளவு என்று அளப்பதுதானே அவன் பிழைப்பு! தன் ரத்தத்தை எடுத்து, தன் மூக்கிலேயே குச்சியையும் விட்டுப் பார்த்தான். ரத்தத்தில் எக்கச்சக்கம், மூக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். "சீ, கஞ்ச மூக்கே!" என்று திட்டிவிட்டு, கிணறு தோண்டுகிற வேகத்தில் மறுபடி கிண்டினான். சுரீர் என்று வலித்தது. குச்சியை முக்கியதும் குழாயில் இருந்த நீர் லேசாக ரோஸ் நிறத்துக்கு மாறியது. பார்த்தான், பார்க்காத மாதிரி மெஷினில் வைத்துவிட்டான். இந்தத் தடவை அளவு எகிறியது!

மூக்கில் பஞ்சு, அதன்மேல் முகக்கவசம், கையில் ரிப்போர்ட். இப்படிப் போய் வாசலில் நின்றான். அத்தைக்காரி ஏற்கெனவே கை கழுவிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

தங்கை ரிப்போர்ட்டைப் படித்தாள். புருவம் உயர்ந்தது. "அட, நிஜமாவே இருக்கே! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். உன் வேலை என்னைக்குமே பிசகாதுண்ணா. இந்தா, பிடி."

குழந்தையை நீட்டினாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் சாதித்திருப்பான். நம்பிவிட்டாளே, பாவி!

"வேணாம்மா!" இரண்டடி பின்னால் போனான். "அந்த அளவு மூக்கோடது இல்ல, ரத்தத்தோடது. மூக்கைக் குத்திக் கிழிச்சுட்டேன். ரத்தம் கலந்ததைக் குப்பையில போடணும், தெரிஞ்சேதான் மெஷின்ல வெச்சேன். முதல்ல வந்தது பூஜ்யம்தான்."

தங்கைக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "வெளியில போய் ஜன்னல்கிட்ட நில்லு, எருமை" என்றாள்.

அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு வந்தாள். "யாரு முதல்ல தூக்கினாங்கன்னு மாமாகிட்ட சொல்லு கண்ணு" என்று கொஞ்சல் வேறு. அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமன் முகத்தையாவது பார்க்கட்டும் என்று முகக்கவசத்தை இறக்கிக் குனிந்தான்.

வந்தது பாருங்கள் தும்மல்! ஒன்றா இரண்டா, அடுக்கடுக்காக ஏழு. குழந்தையின் முகத்துக்கு நேரே கண்ணாடி முழுவதும் தெறித்து வழிந்தது. அந்தப் பக்கம் பாப்பா ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். நல்லவேளை, தூக்காமல் விட்டேன் என்று நினைத்தபோது, அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.